பதினாறு நாள் மூடிய கடை

மாமியார் இறந்த அன்று, அழுவதற்கு முன்னால் நான் கடையை மூடினேன். இப்படிச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியில் எங்கள் இணையக் கடையின் உட்பக்கத்தைத் திறந்து, ‘கடை திறந்துள்ளது’ என்றிருந்த பொத்தானைத் தள்ளினேன். பச்சையாக இருந்தது சாம்பல் நிறமாயிற்று. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

எங்களுடையது கல்யாணச் சாமான் கடை. பரிசத்துக்கும் கல்யாணத்துக்கும் சீர்த்தட்டு அலங்கரித்துக் கொடுப்போம். ஆரத்தித் தட்டு, தாம்பூலப் பை, விருந்தாளிகள் கையில் கொடுத்தனுப்பும் டோர் கிஃப்ட் எல்லாம் உண்டு. தெருவில் கதவு வைத்த கடை இல்லை. தீவில், ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் கட்டுவோம், கூரியரில் அனுப்புவோம். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இணையத்தில் இருக்கும் சில பக்கங்கள்தான்.

சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆரத்தித் தட்டு போகக் கூடாது. இதை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்துத் துணிக்கடைக்காரர் வீட்டில் ஒரு சாவு என்றால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போவார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்து ஏற்றுவார். ஊர் காத்திருக்கும். நானும் கடைக்காரிதான். நானும் ஷட்டரை இறக்கினேன். இணையத்தில் ஷட்டர் என்று ஒன்று கிடையாது, இறக்கினால் கட்டடமே காணாமல் போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணியாக, பார்த்த வேலையை விட்டுவிட்டுத் தட்டு கட்டப் போகிறேன் என்றபோது, வீட்டில் எல்லாரும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போலப் பார்த்தார்கள். அவர் மட்டும் ரிப்பனைக் கையில் எடுத்து, “நீ அடுக்கு, நான் முடிச்சுப் போடறேன்” என்றார். அன்று முதல் அவர் என் கூட்டாளி. சம்பளம் கேட்டு வாங்கிய கூட்டாளி. என் முடிச்சு கோணலாக இருந்தால் அவிழ்த்து என் மடியிலேயே போடுவார். எங்கள் இருவருக்கும் நாளுக்கு ஒரு சண்டையாவது நடக்கும், அதில் பாதி பழத்தட்டை முதலில் வைப்பதா வெற்றிலைத் தட்டை முதலில் வைப்பதா என்பதில்தான்.

அவர் கணவரை இழந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடை தொடங்கிய முதல் வருஷம் ஒரு தூரத்து உறவுக்காரப் பெண்மணி, கல்யாண மண்டபத்திலேயே, நாலு பேர் கேட்க, “தாலி அறுத்தவ கட்டுன தட்டையா சபையில வைக்கிறது?” என்றார். அடுக்கி வைத்திருந்த ஒன்பது தட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் வெறும் தாம்பாளத்தில் பழத்தை வைத்துக் கல்யாணத்தை முடித்தார்கள். அதற்கு மறுநாளிலிருந்து இணையப் பக்கத்தில் போடும் ஒவ்வொரு படத்திலும் தட்டின் ஓரத்தில் மாமியாரின் கை தெரியும்படி எடுத்தேன். வளையல் இல்லாத கை, மணிக்கட்டில் பச்சை குத்திய ஒரு தேள். யார் கட்டுகிறார் என்று எல்லாரும் பார்க்கட்டும், பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போகட்டும் என்றுதான்.

படங்களோடு நான் எழுதவும் செய்தேன். பரிசத்துக்கு எத்தனை தட்டு, ஏன் ஒற்றைப்படையில் வைக்கிறோம், எந்தத் தட்டில் என்ன வைக்கலாம், மாப்பிள்ளை வீடு மலாக்காவில் இருந்தால் பழம் எங்கே வாங்குவது என்று ஐந்து வருஷம் உட்கார்ந்து எழுதினேன். பெரியவர்களிடம் கேட்கக் கூச்சப்படும் கல்யாணப் பெண்கள் தேடுபொறியிடம் கேட்டார்கள். தேடுபொறி அவர்களை எங்களிடம் அனுப்பியது. சீர்த்தட்டு என்று ஈப்போவில் தட்டினாலும் ஜொகூரில் தட்டினாலும் முதல் பக்கத்தில் முதல் ஆளாக நாங்கள் நின்றோம். விளம்பரத்துக்கு நாங்கள் ஒன்றும் செலவழித்ததில்லை.

மாமியார் போனது தீபாவளி முடிந்த சில நாட்களில். தை மாதக் கல்யாணங்களுக்கு ஆர்டர் வரும் காலம் அது. பதினாறு நாள் விளக்கு எரிந்தது, பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, பதினேழாம் நாள் காலை பொத்தானை வலப்பக்கம் தள்ளினேன். பச்சை வந்தது. ஆர்டர் வரவில்லை. சாவு நடந்தது தெரிந்து தயங்குகிறார்கள் போல என்று முதல் இரண்டு நாள் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள்தான் தேடுபொறியில் நானே தட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் பக்கத்தில் நாங்கள் இல்லை. இரண்டாம் பக்கத்தில் இல்லை. ஒன்பதாம் பக்கம் வரை போனேன். செருப்புக் கடை வந்தது, சமையல் பாத்திரம் வந்தது, நாங்கள் வரவில்லை. எங்கள் கடையின் பெயரையே முழுதாகத் தட்டினேன். அதற்கும் வேறு யாரையோ காட்டியது. ஐந்து வருஷம் நாங்கள் இருந்தோம் என்பதற்கே சாட்சி இல்லை.

முதல் இடத்தில் நின்ற கடையைத் திறந்து பார்த்தேன். தெற்கே வேறொரு ஊர்க் கடை. எழுத்து பழகிய எழுத்தாக இருந்தது. இரண்டு வரி படித்ததும் தெரிந்துவிட்டது, நான் எழுதியது. வரிக்கு வரி. கீழே இறங்கினேன். ஐந்தாவது படத்தில் எங்கள் மாமியாரின் கை இருந்தது. வளையல் இல்லாத அந்தக் கை, அந்தத் தேள், எங்கள் ஜன்னல் வெளிச்சத்தில்.

உடனே போன் போட்டேன். ஓர் ஆண் எடுத்தார், ரொம்ப மரியாதையாக.

“ஒங்க பக்கத்துல அஞ்சாவது படத்துல ஒரு தட்டு இருக்கே, யாரு கட்டுனது?”

“எங்க ஆளுங்கதாங்க்கா. வேணுமா? எத்தன தட்டு?”

“அந்தக் கை யாரோடது?”

“இண்டர்நெட்ல கெடச்சதுதாங்க்கா. எல்லாரும் எடுக்கறதுதானே லா.”

“அது எங்க மாமியார் கை. அவங்க செத்து இருபத்திரெண்டு நாள் ஆவுது. இன்னும் எங்க வீட்டுல படத்துக்குப் போட்ட மாலையக்கூடக் கழட்டல. நீங்க அந்தக் கைய வச்சு யாவாரம் பண்றீங்க.”

போனை வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் படம் காணாமல் போனது. என் எழுத்து மட்டும் அங்கேயே இருந்தது. அதில் யார் கையும் தெரியவில்லை, அதனால் அவருக்குக் கூச்சமும் இல்லை.

பிறகுதான் இந்த மாதிரிச் சிக்கல்களைப் பார்த்துக் கொடுக்கும் ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கடைகளைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருவதுதான் அவர் தொழில். கோப்பிக்கடையில் சந்தித்தோம். தே தாரேக் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு மடிக்கணினியில் எதையெதையோ பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “பதினாறு நாளு பூட்டி வச்சீங்களா?” என்றார், நான் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு வந்தது மாதிரி.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்தது. தேடுபொறியின் இயந்திரம் சில நாளுக்கு ஒரு முறை எல்லாக் கடைகளையும் சுற்றிப் பார்க்கும். எங்கள் பக்கங்களைத் தட்டியிருக்கிறது, எல்லாம் பூட்டு. மறுபடி வந்து தட்டியிருக்கிறது, மறுபடி பூட்டு. இந்தக் கடை செத்துவிட்டது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நான் திறந்தபோது என் எழுத்து வேறொருவர் பக்கத்தில் இருந்தது. ஆகவே அதன் கணக்கில் அவர் முதலாளி, நான் திருடி.

“பக்கத்தையெல்லாம் அப்படியே வுட்டுட்டு, ஆர்டர் வாங்கறத மட்டும் நிப்பாட்டி, மேல ஒரு போர்டு மாட்டியிருந்தா போதுங்க்கா. மெஷினு ஒன்னும் பண்ணியிருக்காது.”

இது நல்ல யோசனை. இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். “இல்லாட்டி தொறந்தே வச்சிருந்து, மெதுவா கட்டி அனுப்பியிருக்கலாம். ஈப்போவுல இருக்கறவங்களுக்கு என்னாங்க்கா தெரியப் போவுது?” என்றார். அதற்கு மேல், ஊருக்கு ஒரு பக்கம் என்று மெஷினை வைத்தே இருநூறு பக்கம் எழுதிப் போடலாம், வாடிக்கையாளர் பாராட்டியது போல ஐம்பது அறுபது கருத்து எழுதவைக்கலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. தன் தொழிலில் நடப்பதைச் சொன்னார். போர்டு யோசனைக்குரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

வீட்டில் இன்னொரு வழக்கு. என் வீட்டுக்காரர் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தினமும் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போய் வருகிறவர். என் கடைமேல் அவருக்குப் பகையும் இல்லை, பாசமும் இல்லை. வேலையிடத்தில் யாராவது கேட்டால் “வைஃப் வீட்டுலதான் இருக்கா” என்பார். அதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஆர்டர் நின்றது தெரிந்ததும், ஜுருவில் கார் விற்கும் கம்பெனி ஒன்றில் கிராணி வேலை காலியிருப்பதாகச் சொன்னார்.

“தெரிஞ்ச ஆளுதான். பொங்கல் வரைக்கும் எடம் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு பேரும் ஒரே காடியில ஏறிப் போயிட்டு வந்துரலாம்.”

“கடை?”

“எந்தக் கடை? தேடுனா வரமாட்டேங்குதே.”

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. “ஒன்னு கேக்கறேன். அம்மா தட்டு கட்டறப்ப ஊரே பேசுச்சு. சாஸ்திரமாவது மண்ணாவதுன்னு நீ எவனையும் மதிக்கல. இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு சாஸ்திரம்?”

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. தீட்டு என்று ஒன்று ரிப்பனில் ஒட்டிக்கொண்டு ஈப்போ வரை போகும் என்று நான் நம்புகிறேனா? தெரியவில்லை. ஆனால் வாங்குகிறவர் நம்புகிறார். அவருக்குத் தெரிந்தால் வாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலை பசியாறும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்: “அம்மா கட்டுனத நாம மறைக்கல. கையப் படம் புடிச்சுப் போட்டோம். புடிச்சவங்க வாங்குனாங்க, புடிக்காதவங்க போனாங்க. சாவு வீட்டுல கட்டி, சொல்லாம அனுப்பறது மறைக்கறது. அதத்தான் செய்ய மாட்டேன்.” அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “பொங்கல் வரைக்கும்தான்” என்றார்.

ஆக எனக்கு இருந்தது ஐந்து வாரம். அதற்குள் கடை எழ வேண்டும், இல்லாவிட்டால் ஜுரு.

எங்களுக்குத் தாம்பூலப் பை தைத்துக் கொடுக்கும் அக்கா அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கிறார். தனி ஆள், தையல் இயந்திரம்தான் அவருக்கு எல்லாம். அந்த வாரம் ஃபெர்ரியில் வந்து பைகளை இறக்கினார். வேறு கடைகளுக்கும் தைக்கத் தொடங்குங்கள், என்னை நம்பி இருக்காதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்.

“என்னா பேசறே நீ? செத்ததுக்கு மூடுனே. திருடிட்டா மூடுனே? அப்புறம் எதுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கே? எதுக்கு மூடுனேன்னு வெளிய சொல்லு!”

அவர் போனதும் உட்கார்ந்து எழுதினேன். கடையின் முகப்பில், எல்லாப் படங்களுக்கும் மேலே போட்டேன்: ‘இந்தக் கடையில் ஐந்து ஆண்டுகள் தட்டு கட்டிய எங்கள் அம்மா தவறிவிட்டார். அதனால் பதினாறு நாள் மூடியிருந்தோம். அந்த நாட்களில் ஒரு முடிச்சும் போடவில்லை. இனி எங்கள் வீட்டில் துக்கம் வந்தாலும் இப்படித்தான். அவசரம் என்றால் தயவுசெய்து வேறு கடை பாருங்கள்.’ தேடினால் வராத பக்கத்தில் எழுதி யார் படிப்பது? அதனால் பழைய வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் கைப்பேசியிலும் அனுப்பினேன்.

கோப்பிக்கடை ஆலோசகர் எப்படியோ பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “அக்கா, கல்யாணக் கடை வாசல்ல சாவு செய்தியா? மொதல்ல எடுங்க அத!” வீட்டுக்காரர் அபசகுனம் என்றார். முன்பு ஒரு முறை வாங்கிய கிள்ளான் அம்மா ஒருவர் போன் போட்டு, நல்ல காரியத்துக்குத் தேடும்போது இதையா கண்ணில் பார்க்க வேண்டும் என்று திட்டினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எட்டு நாள் யாரும் கூப்பிடவில்லை. அந்த எட்டு நாளில் நானே இரண்டு முறை அழிக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் கூலிமிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். என்னிடம் முன்பு வாங்கியவர் இல்லை; அவருடைய உறவுக்காரர் யாரோ குடும்பக் குழுவில் போட்டிருந்ததைப் படித்திருக்கிறார்.

“மூத்தவ பரிசத்துக்கு வேறொரு எடத்துல தட்டு எடுத்தோம்மா. அன்னிக்குக் காலையிலதான் அந்தக் கடைக்காரங்க வீட்டுல சாவாம். சொல்லாமயே கட்டிக் குடுத்துட்டாங்க. அப்புறந்தான் தெரிஞ்சிச்சு. ஒன்னும் கெட்டுப் போவல. புள்ள நல்லாத்தான் இருக்கா. இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணுங்க.”

“சின்னவளுக்குப் பதினோரு தட்டு. நீங்க கட்டுங்க.”

கடையை மறுபடி திறந்த பிறகு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. கைப்பேசியை வைத்துவிட்டு, மாமியார் உட்காரும் பாயைப் பார்த்து, “பழத்தட்டுதான் முதல்ல” என்று உரக்கச் சொன்னேன். மறுத்துப் பேச ஆள் இல்லாதது பெரிய கஷ்டமாக இருந்தது.

கூலிம் அம்மா வழியாக இன்னும் நாலைந்து வீடுகள் வந்தன. இன்னொரு பக்கம், மார்கழி முழுக்க உட்கார்ந்து எல்லாப் பக்கங்களையும் புதிதாக எழுதினேன். பழைய எழுத்தைத் திருப்பிக் கேட்டு அந்தத் தெற்கு ஊர்க் கடைக்காரரோடு மல்லுக்கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். திருடியதை அவரே வைத்துக்கொள்ளட்டும். அது என் ஐந்து வருஷத்துக்கு முந்தைய புத்தி. இப்போது எனக்கு அதைவிட நிறையத் தெரியும். தட்டு சரியாமல் காரில் எப்படி ஏற்றுவது, மழைக்காலத்தில் வெற்றிலை வாடாமல் இருக்க என்ன செய்வது, இரண்டு வீட்டாருக்கும் வழக்கம் வேறாக இருந்தால் யார் விட்டுக்கொடுப்பது என்று எழுதினேன். இருநூறு பக்கம் இல்லை, முப்பத்தொரு பக்கம். ஒவ்வொன்றும் என் கையால் எழுதியது.

இயந்திரம் மெல்ல வந்து எட்டிப் பார்த்தது. எட்டாம் பக்கத்தில் ஒரு நாள் எங்கள் பெயரைப் பார்த்தேன். பிறகு ஐந்தாம் பக்கம். பொங்கலன்று மூன்றாம் பக்கம். துக்க வருஷம் ஆதலால் பொங்கல் பானை வைக்கவில்லை. வழக்கம்போலச் சோறாக்கிச் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

“ஜுரு ஆளுக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும்.”

“வரலன்னு சொல்லிருங்க.”

“மூணாவது பக்கத்துல யாரு வந்து பாக்கப் போறா?”

“யாரும் பாக்க வேணாம். நான் இருக்கேன்ல, அது போதும்.”

அவர் கீழே போய்க் காரைக் கழுவினார். கோபம் வந்தால் கார் கழுவுவது அவர் பழக்கம். அன்று இரண்டு முறை கழுவினார்.

தை பிறந்து இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டிப் பார்த்தேன். முதல் பக்கம்! கடைசி வரிசையில்தான், ஆனாலும் முதல் பக்கம். வீட்டில் யாரும் இல்லை. தனியாக நின்று கத்தினேன். கீழ்வீட்டுச் சீனக் கிழவர் கம்பால் தன் வீட்டுக் கூரையைத் தட்டினார். அன்றிலிருந்து நாளுக்கு இரண்டு மூன்று விசாரிப்பு வந்தது, பழையபடி தெரியாத ஊர்களிலிருந்து, தெரியாத பெண்களிடமிருந்து. மூன்று கல்யாணத்துக்கு அடுத்த வாரமே தட்டு போக வேண்டும் என்று உறுதியாயிற்று.

அந்தச் சனிக்கிழமை சுங்கை பாக்காப்பில் என் வீட்டுக்காரரின் பெரியப்பா இறந்துபோனார்.

பங்காளி. பதினாறு நாள். இதைச் சொல்ல யாருக்கும் பஞ்சாங்கம் வேண்டாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் பெண்களோடு உட்கார்ந்தேன். கைப்பை மடியில் இருந்தது, கைப்பேசி பைக்குள் இருந்தது. நான் கடையை மூடவில்லை.

எனக்குக் காரணங்கள் வரிசையாக வந்தன. பெரியப்பாவை வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்தால் அதிகம். சாவு விழுந்தது இந்த வீட்டில், தட்டு இருப்பது தீவில் வேறொரு வீட்டில். பாதித் தட்டுகள் ஏற்கெனவே கட்டியாகிவிட்டன. போர்டு மட்டும் மாட்டினால் பக்கம் பட்டியலிலிருந்து போகாதுதான், ஆனால் முதல் பக்கத்துக்கு வந்த வாரத்திலேயே வருகிறவர்களை எல்லாம் அடுத்த கடைக்கு அனுப்ப வேண்டும், தையில் பதினாறு நாள் போனால் வருஷமே போனது. கடைசியாக, யாருக்குத் தெரியப் போகிறது என்றும் தோன்றியது. கோப்பிக்கடையில் அந்த மனிதர் சொன்ன அதே சொல். வீராப்பாக எழுதி வாசலில் மாட்டியவள் நான். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கை பைக்குள் போகவில்லை. பை ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். தைப்பிங்கிலிருந்து ஒரு பெண், ஏழு தட்டு கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். கிடைக்கும் என்று பதில் போட்டேன். சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு போட்டேன்.

பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண்கள் எல்லாம் முடித்து, குளித்து, ஈரத் தலையோடு திரும்பி வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

“கடைய மூடிட்டியா?”

“நாளைக்கு” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் கூடாரத்துத் துணியைப் பார்த்தேன்.

“அம்மாவுக்கு மட்டுந்தானா அது?”

அவர் கையை நீட்டினார். “போனக் குடு. எத அழுத்தணும், காட்டு.”

காட்டினேன். ஆர்டர் வாங்குவதை நிறுத்தும் பொத்தானை அவரே தள்ளினார், அறிவிப்பை நான் சொல்லச் சொல்ல அவரே தட்டினார். தைப்பிங் பெண்ணுக்கு முடியாது என்று நான் எழுதினேன். பிறகு அவர், “அடுத்த வாரம் போவ வேண்டியது யார் யாருக்கு?” என்றார். மூன்று எண்களையும் கொடுத்தேன். எழுந்து கூடாரத்தின் ஓரத்துக்குப் போய் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் வீட்டில் கத்தினார்கள், எனக்கே கேட்டது. அவர் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது வீட்டில் தட்டு வேண்டாம், தாம்பூலப் பையும் வேண்டாம் என்று முடித்துக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் ஏதோ கேட்டார்கள் போலிருந்தது. அவர் விரலை மடக்கி நாள் எண்ணினார்.

“இல்லீங்க, அதுக்கு முன்னாடி முடியாது” என்றார். “எங்க கடைங்க. பதினாறு நாளு கட்ட மாட்டோம்.”

ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து ‘எங்க கடை’ என்று நான் கேட்டது அன்றுதான். அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பெரியப்பாமேல் எனக்கு இவ்வளவு பாசமா என்று பக்கத்தில் இருந்த பெண்கள் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.